பாட்டு கேக்குது, ஆளு இருக்கு

எனக்குப் பிடித்த பாட்டுகள் மூன்று. மூன்றும் ஆங்கிலப் பாட்டுகள். மூன்றுக்கும் பெயர் தெரியாது, பாடியவர்கள் யார் என்றும் தெரியாது. இப்போதெல்லாம் பாட்டு ஓடும்போது போனை நீட்டினால் அதுவே பெயரைச் சொல்லிவிடுகிறது. இரண்டு முறை நீட்டப்போய்க் கையை இழுத்துக்கொண்டேன். எங்கள் ஏலக்காட்டுப் பெண்கள் அவற்றுக்கு வைத்த பெயர்கள் இருக்கின்றன: தகரப் பாட்டு, பல்வலிப் பாட்டு, கிணத்துப் பாட்டு. எனக்கு அவை போதும்.

எங்கள் வீடு போடிநாயக்கனூரில். காடு போடிமெட்டைத் தாண்டி, கேரளப் பக்கச் சரிவில், மூன்று ஏக்கர். அப்பா போனபிறகு அதை அண்ணன் பார்த்துக்கொண்டார். என்னைவிடப் பதினொரு வயது மூத்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். நடுவில் சில வருடம் கொச்சியில் ஒரு கடையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பினார். வரும்போது அவர் கொண்டுவந்தவை இரண்டு: குடம்புளி போட்ட மீன் குழம்பின் மேல் ஆசையும், கித்தார் அலறும் ஆங்கிலப் பாட்டின் மேல் பைத்தியமும். மீன் குழம்பை வீடு ஏற்றுக்கொண்டது. பாட்டை யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. "யாரையோ போட்டு அடிக்கிற மாதிரி இருக்கு" என்று அம்மா கதவைச் சாத்திக்கொள்வாள்.

காட்டில் மட்டும் அவருக்கு ஒரு சாக்கு கிடைத்தது. ஏலச் செடியின் குருத்தைப் பிடுங்கித் தின்ன குரங்குகள் வரும். அவற்றை விரட்டக் காட்டுக்குள் ரேடியோவைப் பாடவிடுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். மனிதக் குரல் கேட்டால் கிட்டே வராது என்று நம்பிக்கை. ஆனால் சினிமாப் பாட்டுக்குக் குரங்குகள் பழகிவிட்டன. எதிரே உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டே கேட்கும். அண்ணன் ஒருநாள் கொச்சிப் பக்கத்து எஃப்எம் ஒன்றைத் திருப்பிவைத்தார். அதில் பதினொரு மணியிலிருந்து ஒரு மணி வரை ஆங்கில ராக் பாட்டுகள் வரும். ஒரு பாட்டு மெதுவாகத் தொடங்கித் திடீரென்று வெடித்தது. குரங்குகள் அன்று ஓடியவை ஒரு வாரம் தலைகாட்டவில்லை. "பாத்தியா ஆத்தா, குரங்குக்குத் தெரியிற அருமை நம்ம வீட்டுல யாருக்கும் தெரியல" என்று அண்ணன் என்னிடம் சொன்னார். என்னை அவர் ஆத்தா என்றுதான் கூப்பிடுவார்.

அதன்பிறகு தினமும் அதுதான். பெரிய பேட்டரிகள் போட்ட பழைய ரேடியோ ஒன்றைக் காட்டின் மேல்மூலையில் ஒரு பலாமரத்தின் தாழ்ந்த கிளையில், உட்கார்ந்தால் கை எட்டும் உயரத்தில், கம்பியால் கட்டித் தொங்கவிட்டார். அந்த நிலையம் இருபது பாட்டை வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் போட்டது. அதனால் காய் எடுக்க வரும் பெண்களுக்கும் எனக்கும் எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. தகரக் கூரையில் கல்லெறிவதுபோலத் தொடங்குவது தகரப் பாட்டு. பாடுகிறவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகுவதுபோல இருப்பது பல்வலிப் பாட்டு. அது வரும்போதெல்லாம் கங்காணி அக்கா தன் கடைவாய்ப் பல்லைத் தடவிக்கொள்வார். சூரியநெல்லிப் பக்கத்திலிருந்து பெண்களைக் கூட்டி வந்து வேலை நடத்துகிறவர் அவர்தான். பல்லைப் பிடுங்கச் சொன்னால் பயம். "இவன் பிடுங்கிட்டு வரட்டும், அப்பறம் நான் போறேன்" என்பார்.

மூன்றாவது கிணத்துப் பாட்டு. தடித்த கம்பியை ஒருவன் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டே இருப்பான். பிறகு ஆழத்திலிருந்து வருவதுபோல ஒரு குரல். பாதியில் எல்லாம் நின்றுவிடும். இரண்டு மூச்சு விடும் நேரத்துக்குச் சத்தமே இருக்காது. அதற்குப்பின் எல்லாக் கருவிகளும் சேர்ந்து அலறும். கங்காணி அக்காவுக்கு அது ஆகவே ஆகாது. "ஆளு உள்ள விழுந்து கெடந்து கூப்பிடுற மாதிரி இருக்கு பாப்பா. மாத்தச் சொல்லு" என்பார். எனக்கு மட்டும் அது பிடித்திருந்தது. அந்த இடைவெளிக்காகவே பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். பாட்டு நிற்கும்போது காட்டின் சொட்டுச் சத்தம் கேட்கும். பனி இலையிலிருந்து இலைக்கு இறங்குவது கேட்கும்.

ஏலக்காட்டைப் பார்க்காதவர்களுக்கு ஒன்றைச் சொல்லவேண்டும். செடி ஆளைவிட உயரம். காயோ தரையோடு படர்ந்த சரத்தில் இருக்கும். குத்தவைத்து உட்கார்ந்துதான் எடுக்கவேண்டும். உட்கார்ந்துவிட்டால் பத்தடி தள்ளி இருப்பவள் தெரியமாட்டாள். மேகம் இறங்கிவிட்டால் பக்கத்துச் செடியே தெரியாது. யானை வரும் காடு, வழுக்கும் சரிவு, பாம்பும் உண்டு. அதனால் அரைமணிக்கு ஒருதரம் கங்காணி அக்கா கீழே ஓடைப் பக்கமிருந்து "ஓய்" என்று சத்தம் கொடுப்பார். ஒவ்வொருத்தியும் வரிசையாகப் பதில் கொடுக்கவேண்டும். பதில் வராவிட்டால் வேலையைப் போட்டுவிட்டுத் தேடிப் போகவேண்டும்.

அண்ணனுக்கு ஓய் சொல்வதில் கூச்சம். "அதான் ரேடியோ பாடுதுல்ல, அதே என் சத்தம்" என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து வரிசையில் அவர் முறை வரும்போது கங்காணி அக்காவே, "பாட்டு கேக்குது, ஆளு இருக்கு" என்று சொல்லி முடித்துவிடுவார். இன்னொரு ஏற்பாடும் தானாக வந்தது. ஒரு மணிக்கு ஆங்கிலப் பாட்டு முடிந்து மலையாள விளம்பரம் வருமுன் அண்ணன் ரேடியோவை நிறுத்துவார். நிறுத்தினால் அன்றைய எடுப்பு முடிந்தது. பெண்களும் நானும் கீழ்வழியாக இறங்கி ஜீப்புக்குப் போய்விடுவோம். அவர் மேல்வழியாக ரோட்டுக்கு ஏறித் தன் பைக்கில் போவார். ஒருவரையொருவர் பார்த்துச் சொல்லிக்கொண்டதே இல்லை.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு புரட்டாசி மாதத்தில் அது நடந்தது. அன்று போடியில் என் தோழிக்கு வளைகாப்பு. நான் காலையிலேயே போகவேண்டும் என்றேன். ஆள் குறைவு, எடுப்பு முடியாமல் விடமுடியாது என்று அண்ணன் சொல்லிவிட்டார். வாக்குவாதத்தில் நான்தான் கடைசியாகப் பேசினேன். "ஒனக்கு அந்த ரேடியோவும் குரங்கும்தான் லாயக்கு" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே பைக்கை உதைத்தார். நான் ஜீப்பில் முறைத்துக்கொண்டு வந்தேன். கோபம் வந்தால் எனக்கு லேசில் இறங்காது, அதைப் பொத்திவைத்துச் சூடு ஆறாமல் பார்த்துக்கொள்ளும் ஆள் நான்.

பத்து மணிக்கே மேகம் இறங்கிவிட்டது. பதினொரு மணிக்கு மேல்மூலையில் ரேடியோ தொடங்கியது. பனிக்குள் சத்தம் ஒரு இடத்தில் நிற்காது. ஒருமுறை இடப்பக்கம் கேட்கும், மறுமுறை நாம் உட்கார்ந்திருக்கும் செடிக்குப் பின்னாலேயே கேட்கும். நான் காய்களைப் பறித்து வாளியில் போட்டுக்கொண்டு, எப்போது நிறுத்துவார், எப்போது நிறுத்துவார் என்று காதை அங்கேயே வைத்திருந்தேன். சீக்கிரம் நிறுத்தினால் ஜீப்பைப் பிடித்து வளைகாப்பின் கடைசிப் பந்திக்காவது போய்விடலாம்.

கிணத்துப் பாட்டு வந்தது. பாதியில் நின்றது. அந்த இரண்டு மூச்சு நேரத்துக்குள், அன்று, ஒரு சத்தம் இருந்தது. நீளமாக, அடித்தொண்டையிலிருந்து, வார்த்தையாகாத ஒரு "ஆ". இதுவரை இதைக் கவனித்ததில்லையே, இந்த இடத்தில் அவன் இப்படி முனகுவானா என்று நினைத்தேன். அடுத்த நொடி கருவிகள் அலறின. கொஞ்ச நேரத்தில் ரேடியோவின் சத்தம் ஏறியது. சாதாரணமாக வைப்பதைவிட இரண்டு மடங்கு இருக்கும். காடே அதிர்ந்தது.

"என்ன பாப்பா, ஒங்கண்ணனுக்கு இன்னைக்கு சாமி வந்துருச்சா?" என்று கங்காணி அக்கா கேட்டார். பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு எரிச்சலூட்டத்தான் ஏற்றியிருக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

சத்தம் கொடுக்கும் நேரம் வந்தது. எல்லோரும் பதில் கொடுத்தார்கள். அண்ணன் முறையில் கங்காணி அக்கா கொஞ்சம் தயங்கினார். "தம்பி காலையில மூஞ்சி ஒரு மாதிரி இருந்துச்சே. ஒரு எட்டு மேல போயிப் பாத்துட்டு வர்றியா?"

மேலே ஏறுவது என்றால் வழுக்கல், அட்டைப்பூச்சி. அதோடு அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. நான் சொன்னேன், என் வாயால் சொன்னேன்: "பாட்டு கேக்குது, ஆளு இருக்கு."

ஒரு மணி ஆனது. ஆங்கிலப் பாட்டு முடிந்தது. ரேடியோ நிற்கவில்லை. மலையாள விளம்பரங்கள் வந்தன, பிறகு ஒரு பெண் மீன் பொரிப்பதைப்பற்றிப் பேசினாள். அந்தக் குரல் பனிக்குள்ளிருந்து அவ்வளவு சத்தமாக, அவ்வளவு சந்தோஷமாக வந்தது. இடையிடையே சிரித்தாள். பெண்கள் வாளியோடு நின்றார்கள். ரேடியோ நிற்காமல் கிளம்பக்கூடாது என்பதால் யாரும் கிளம்பவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தூக்குச்சட்டியைத் திறந்து அங்கேயே சாப்பிட உட்கார்ந்தார்கள். கங்காணி அக்கா மட்டும் சோற்றில் கையை வைத்தபடி மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி இத கேக்க மாட்டாரே" என்றார்.

நான் எழுந்து ஏறினேன். பயந்து ஏறியதாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் ரேடியோவைப் பிடுங்கி ஓடையில் எறியத்தான் ஏறினேன். மரத்தடியில் அண்ணன் வேரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. வாய் ஒருபக்கம் இழுத்திருந்தது. வலதுகை மடியில் யாருடைய கையோ போலக் கிடந்தது. என்னைப் பார்த்தார். தலைக்கு மேலே அந்தப் பெண் எண்ணெய் காய்ந்ததா என்று கேட்டுச் சிரித்தாள்.

படுதாவில் போட்டு ஐந்து பேர் தூக்கி இறக்கினோம். கீழே ஜீப்பு எங்களுக்காக நின்றுகொண்டிருந்தது. அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் அவர் தலை என் மடியில் இப்படியும் அப்படியும் உருண்டது. தேனியில் டாக்டர், "எப்ப விழுந்தாரு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "காலையில" என்றேன். "இன்னும் வெரசாக் கொண்டாந்திருக்கலாமேம்மா. பேச்சையாவது காப்பாத்தியிருக்கலாம்" என்றார். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று எனக்கு இருந்தது.

மூன்றாம் நாள் கங்காணி அக்கா போன் செய்தார். "பாப்பா, ரேடியோ இன்னும் பாடுது. அன்னைக்கு யாரும் நிப்பாட்டல. பேட்டரி தீர மாட்டேங்குது. ஆளில்லாமப் பாடுற எடத்துக்கு ஒருத்தியும் மேல போக மாட்டேங்கிறா. நீ வந்து அமத்திட்டுப் போ."

அண்ணனுக்கு உயிருக்குப் பயமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவை அங்கே உட்காரவைத்துவிட்டுப் பெண்களோடு ஜீப்பில் போனேன். அன்றும் மேகம். பெண்கள் ஓடைக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டார்கள். மேலே பல்வலிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரி இறங்கிப்போய்க் குரல் கரகரத்து, உண்மையாகவே வலி வந்தவன் பாடுவதுபோல இருந்தது. நான் ஏறினேன். பழகிய வழிதான். ஆனாலும் இரண்டு முறை தவறிப்போய், பாட்டு எனக்குப் பின்னால் கேட்டுத் திரும்பினேன். மேலே யாரோ இருக்கிறார்கள் என்று காது சொல்கிறது. யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும். காதைத்தான் நம்பத் தோன்றியது. வாய்விட்டு "அண்ணே" என்று கூப்பிட்டுவிட்டேன். அவர் தேனியில் படுத்திருக்கிறார் என்பது அதன்பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மரத்துக்குக் கீழ்ப்பக்கம் பதினைந்தடி தள்ளி ஒரு பள்ளம். அங்கிருந்து மரம்வரைக்கும் செடிகள் ஒருபக்கமாகச் சாய்ந்து, தண்டுகள் முறிந்து, ஒரு தடம் இருந்தது. பள்ளத்தில் விழுந்தவர் இடதுகையால் உடம்பை இழுத்துக்கொண்டே வந்திருக்கிறார். ரேடியோவைப் பார்த்தேன். சத்தம் கூட்டும் திருகு கடைசிவரைக்கும் திரும்பியிருந்தது. அதன்மேல் காய்ந்த மண் விரல் விரலாக ஒட்டியிருந்தது.

அப்போது கிணத்துப் பாட்டு தொடங்கியது. வேறு எந்தப் பாட்டு வந்திருந்தாலும் நிறுத்தியிருப்பேன். இதை நிறுத்தக் கை வரவில்லை. பாதியில் நின்றது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். இரண்டு மூச்சு நேரம், ஒன்றுமே இல்லை. முனகல் இல்லை, "ஆ" இல்லை. அந்த இடத்தில் எப்போதும் ஒன்றும் இருந்ததில்லை. சொட்டுச் சத்தம் மட்டும் கேட்டது.

ரேடியோவை நிறுத்தி, கம்பியைப் பிரித்து எடுத்துக்கொண்டு இறங்கினேன். வழுக்கலில் மெதுவாகத்தான் இறங்க முடிந்தது. ஓடைக்கரையில் ஒருத்தியும் இல்லை. கூப்பிட்டேன், பதில் இல்லை. பனிக்குள் தனியாகக் கீழ்வழியில் ஜீப்பு நிற்கும் இடம்வரைக்கும் ஓடிவந்து பார்த்தால் எல்லோரும் ஜீப்பில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். வண்டி உறுமிக்கொண்டிருந்தது. "ரேடியோ நின்னுச்சு. நீ மேவழியா ரோட்டுக்கு ஏறி பஸ்ஸப் புடிச்சிருப்பன்னு நெனச்சோம் பாப்பா" என்றார் கங்காணி அக்கா. பழக்கம் அப்படி. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

காட்டைக் குத்தகைக்கு விட்டோம். அம்மா இரண்டு வருடத்தில் போய்விட்டாள். போடி வீட்டில் இப்போது அண்ணனும் நானும்தான். ஜன்னலோரம் அவர் கட்டில். அந்தக் கொச்சி நிலையம் இப்போது போனிலேயே வருகிறது. பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை கேட்பார். நான் அடுப்படியில் நின்றுகொண்டு கேட்பேன். சத்தம் கொஞ்சம் ஏறினாலும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன். பாட்டில் பிடித்த இடம் என்று சும்மா கூட்டியிருப்பார். என் முகத்தைப் பார்த்துக் கோணலாகச் சிரிப்பார்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடமும் எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது. அவருக்கு முகம் மழிக்கும்போதும் சோறு ஊட்டும்போதும் அது என் கைக்குள்ளேயே இருந்தது. சத்தத்தை ஏன் கூட்டினார்? பாட்டு கேட்டால் ஆள் இருக்கிறது என்றுதானே நாங்கள் இருப்போம், அது அவருக்குத் தெரியாதா? அந்தத் திருகை எதிர்ப்பக்கம் திருப்பி நிறுத்தியிருந்தால் நான் அந்த நிமிடமே ஓடியிருக்கமாட்டேனா? என் தப்பில் பாதியை அவர் தலையில் இறக்கிவைத்திருந்தேன். அதனால்தான் என்னால் இரவில் தூங்க முடிந்தது.

பேச்சு அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியிருக்கிறது. ஒரு வார்த்தைக்கும் அடுத்ததற்கும் நடுவே நாம் காத்திருக்கவேண்டும். போன மாதம் ஒரு தூறல் பிடித்த நாளில் கிணத்துப் பாட்டு வந்தது. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். பாட்டு பாதியில் நின்ற இடத்தில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டோம். அவருக்கும் அந்த இடம் தெரியும்.

கேட்டுவிட்டேன். "அன்னைக்கு ஏண்ணே சத்தத்தக் கூட்டுன? அமத்தியிருந்தா நான் ஓடியாந்திருப்பேன்ல?"

பாட்டு முடிந்து அடுத்த பாட்டும் பாதி ஓடியபிறகுதான் அவர் வாயிலிருந்து வந்தது.

"அமத்துனா... சோலி முடிஞ்சுதுன்னு... நீ கெளம்பிருவ, ஆத்தா."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஓடைக்கரையில் யாரும் இல்லாமல் நின்றது நினைவுக்கு வந்தது. ஜீப்பின் உறுமல் நினைவுக்கு வந்தது. அதைவிட, அன்று காலை முழுக்க நான் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது எதற்காக என்பது நினைவுக்கு வந்தது. ரேடியோ நின்றிருந்தால் நான்தான் முதல் ஆளாக ஓடியிருப்பேன், ஜீப்பை நோக்கி. இருட்டும்வரை அவரை யாரும் தேடியிருக்கமாட்டார்கள். வலதுகை செத்து, நாக்கு செத்து, பதினைந்தடி ஊர்ந்து வந்தவர், என்னைப்பற்றி அவ்வளவு சரியாக யோசித்திருக்கிறார். அந்தப் பாட்டு நிற்காதா என்று நான் கீழே காத்திருந்தேன். மேலே இருந்து அது நிற்காமல் அவர் பார்த்துக்கொண்டார்.

அவர் இடதுகையை நீட்டிப் போனில் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார். தகரப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் எழுந்து போகவில்லை.